பழைய கிட்டார் பிக்கப்புக்கு ஆட்டோசால் பேஸ்ட்: நிக்கல் கவருக்கு சூப்பர், கோல்டு பக்கம் மட்டும் வேணாம்

யூஸ்டு ஹம்பக்கர் (ரெண்டு காயில் வச்ச கிட்டார் பிக்கப், கம்பி அதிர்வ மின் சிக்னலா மாத்தறது) ஒரு ஜோடி வாங்குனேன், நிக்கல் கவர் மேல பூரா மங்கிப்போய் வேர்வை பட்ட இடத்துல லேசா பச்சை வேற பிடிச்சிருந்துச்சு. ஆட்டோசால் மெட்டல் பாலிஷ் ட்யூப் வாங்கி துணியில கடுகளவு எடுத்து தேய்ச்சேன், துணி உடனே கருப்பாச்சு, பத்து நிமிஷத்துல அந்த இதமான நிக்கல் பளபளப்பு திரும்பி வந்துருச்சு, உண்மையிலயே மனசு நெறஞ்சு போச்சுங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சதே கெட்டியா இருக்கறதுதான். லிக்விட் பாலிஷ்னா போல் ஸ்க்ரூ (ஒவ்வொரு கிட்டார் கம்பிக்கும் கீழ கவர்ல தெரியற ஸ்க்ரூ) ஓட்டை வழியா உள்ள இறங்கிடும், உள்ள சுத்தியிருக்கற 42 கேஜ் கம்பி 0.06 மி.மீ. தான், கிட்டத்தட்ட முடி அளவுதான், அதனால நான் ஸ்க்ரூவ ஒண்ணொண்ணா கழட்டி, எத்தனை சுத்துன்னு எழுதி வச்சுக்கிட்டு, தனியா துரு எடுத்தேன், ஓட்டை மேல மாஸ்கிங் டேப். முன்னாடியும் பின்னாடியும் மல்டிமீட்டர் வச்சு காயிலோட ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன், ரெண்டு தடவையும் 7.8 கிலோ ஓம், அதாவது கம்பி அறுந்து போகல.

சிங்கிள் காயில் (ஒரே காயில் இருக்கற பிக்கப்)னா இன்னும் பொறுமை வேணும். பழைய டிசைன்ல காந்தக் குச்சி மேலயே நேரா கம்பி சுத்தியிருப்பாங்க, அந்தக் காந்தம் செஞ்ச ஆல்நிக்கோங்கற உலோகக் கலவையில இரும்பும் இருக்கறதால அது துருப்பிடிக்கும், துரு கீழ இறங்கி கம்பிய தொட்டா பிக்கப்பே செத்துரும். குச்சிய தட்டி வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, இயர் பட்ஸ்ல துளி பேஸ்ட் வச்சு மேல் தலைய மட்டும் தேய்ச்சா போதும்.

ஸ்டீல் வுல் (மெல்லிசான இரும்பு நார்) கிட்டயே கொண்டு போகாதீங்க ப்ளீஸ், அந்தத் தூள் எல்லாம் காந்தத்துல போய் ஒட்டிக்கும், டேப்ப வச்சு ஒத்தி ஒத்தி எடுத்தாலும் முழுசா போகாது.

சவுண்டு மாறுமான்னா மாறாது, இது பார்வைக்குத்தான். ப்ளேட்டிங்கே தேஞ்சு அடி உலோகம் மஞ்சளா தெரிஞ்சா எந்த பாலிஷாலயும் சரி பண்ண முடியாது, மறுபடி ப்ளேட்டிங் போடணும். கோல்டு கவர் அப்படித்தான், பூச்சு ரொம்ப மெல்லிசு, முன்ன ஒரு தடவை வேற ஏதோ பாலிஷ் போட்டு ஒரு நல்ல கவர் மூலையில தங்கம் பூரா துணியோட வந்துருச்சு, இன்னைக்கும் அத பார்த்தா வலிக்குது. அதுக்கு லேசா ஈரமான மைக்ரோஃபைபர் துணி, அப்புறம் காஞ்ச துணி, அவ்ளோதான்.