குளோ என்ஜின் விமானத்துக்கு ஸ்ப்ரேமேக்ஸ் 2கே கிளியர்: எங்கே தாங்கும், எங்கே கைவிடும்

குளோ பிளக்கால் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ என்ஜின் கொண்ட மாடல் விமானத்தின் பெயிண்டுக்கு வெயிலும் மழையும் பெரிய எதிரி இல்லை. அது குடிக்கும் எரிபொருள்தான் எதிரி. 10 சதவீத நைட்ரோ என்று எழுதியிருக்கும் கேனில் ஏறக்குறைய 70 பங்கு மெத்தனால், 20 பங்கு எண்ணெய், 10 பங்கு நைட்ரோமீத்தேன் இருக்கும். எண்ணெயில் பெரும்பகுதி எரியாமலே மஃப்ளர் வழியாக வெளியே வந்து, ஃபியூஸ்லாஜின் (உடல் பகுதியின்) பக்கவாட்டில் வால் வரைக்கும் படியும். அதைவிட மோசம் எரியாத பச்சை எரிபொருள்: டேங்க் நிரம்பி வழிவது, ஸ்டார்ட் செய்யும் முன் எரிபொருளை உள்ளே இழுக்க ப்ரைம் செய்யும்போது கார்புரேட்டரிலிருந்து சொட்டுவது. மெத்தனால் சீக்கிரம் பறந்துவிடும், நைட்ரோ மெதுவாகப் போகும், எண்ணெய் போகவே போகாது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதாரண ஸ்ப்ரே கிளியரை (நிறமற்ற மேல்பூச்சை) நம்பியவர்களுக்கு, இரண்டாவது ஃப்ளைட் முடிந்து துடைக்கும்போதே டிஷ்யூவில் சிவப்பும் நீலமும் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தத் தொல்லை குளோ பிளக்கோடு வந்தது. 1947இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவரும் வரை மாடல் என்ஜின்கள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடின. அதற்கு நைட்ரேட் டோப் (மாடலின் மேல் பூசும் பழைய வகை லாக்கர்) போதுமாக இருந்தது. மெத்தனால் வந்ததும் நைட்ரேட் டோப் இளகி ஒட்ட ஆரம்பித்தது. பியூட்டிரேட் டோப் அந்த இடத்தைப் பிடித்தது. அதுவும் நைட்ரோ அளவு ஏறினால் தடுமாறும். டோப்பும் டூக்கோ லாக்கரும் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கின்றன. ஆவியாகிப் போனதற்கு நிகரான ஒன்று திரும்பி வந்தால் மறுபடியும் இளகும். 2கே கிளியரில் ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாகங்கள். ஹார்டனர் ரெசினோடு வினைபுரிந்து வலைபோல் பின்னிக்கொள்வதால், இறுகிய பிறகு மெத்தனால் பட்டாலும் கரையாது. கார்களுக்குப் பூசும் அதே பி.யூ. (பாலியூரிதேன்) கிளியர்தான் இது.

ஜெர்மனித் தயாரிப்பான ஸ்ப்ரேமேக்ஸ் 2கே கிளாமர் கிளியர், அந்த இரண்டு பாகங்களையும் ஒரே டப்பாவில் அடைத்துத் தருகிறது. கன், கம்ப்ரஸர் இல்லாமல் ஒரே ஒரு மாடலை முடிக்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. விலை சாதாரண ஸ்ப்ரேயைப்போல் பல மடங்கு, கொடுக்கலாம். ஆனால் சரியான முகமூடி இல்லாதவர் இதைத் தொடவே கூடாது. தெர்மாகோல், டெப்ரான் போன்ற ஃபோம் மாடல்களுக்கு வாங்கவும் வேண்டாம். கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும்.

டப்பாவுக்குள் ஹார்டனர் தனிக் குப்பியில் இருக்கிறது. மூடியில் செருகியிருக்கும் சிவப்புப் பொத்தானைக் கழற்றி, டப்பாவைத் தலைகீழாக நிறுத்தி, அடியில் துருத்தும் முள்ளில் மாட்டி உள்ளங்கையால் அமுக்கினால் குப்பி உடைந்து கலக்கும். அமுக்கும் முன் 2 நிமிடம், அமுக்கிய பின் இன்னொரு 2 நிமிடம் குலுக்க வேண்டும். 20 விநாடி ஆட்டிவிட்டு அடிக்கத் தொடங்குவதுதான் வழக்கமான தப்பு. ஹார்டனர் சரியாகக் கலக்காத கிளியர் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு வாரம் கழித்து நகம் வைத்தால் பள்ளம் விழும். அமுக்கிவிட்டால் பின்வாங்க முடியாது. டப்பாவில் போட்டிருக்கும் பயன்பாட்டு நேரம் 20 டிகிரிக்கான கணக்கு. நம் ஊர் 34 டிகிரியில் அதை நம்பாமல் அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது. அதனால் எல்லா வேலையும் முடிந்து, மாடலைத் துடைத்துத் தொங்கவிட்ட பிறகுதான் பொத்தானில் கை வைக்க வேண்டும்.

நாஸில் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. விசிறிபோல் பட்டையாக விரிகிறது, துளி துப்புவதில்லை. மலிவான டப்பாக்களில் வட்டமாக விழும் ஸ்ப்ரேயை வைத்து 60 அங்குல இறக்கையில் கோடு தெரியாமல் அடிப்பது பெரும் பாடு.

கிளியர் தோற்கும் இடம் பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கும் பூச்சு. அடியில் இருப்பது கார் பேஸ்கோட் என்றால் பிரச்சினையே இல்லை. இந்தக் கிளியர் அதற்காகவே செய்தது. சிந்தெடிக் எனாமல் மேல் அவசரப்பட்டால் கரைப்பான் எனாமலைத் தூக்கி, முதலைத் தோல்போல் சுருக்கிவிடும். தொட்டால் காய்ந்திருக்கிறது என்பது கணக்கில் வராது; எனாமலுக்கு இரண்டு வாரமாவது விட வேண்டும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் வாட்டர் ஸ்லைடு டீகால் இருந்தால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, முதல் இரண்டு கோட்டைப் பனி விழுவதுபோல் மட்டும் அடிக்க வேண்டும். இங்க்ஜெட்டில் அச்சடித்த டீகால் மீது நேரடியாக ஈரக் கோட் போட்டால் மை கசியும். வெப்பத்தில் சுருங்கும் ஃபிலிம் போர்த்திய மாடலுக்கு முழுக் கிளியர் வீண் எடை. ஃபிலிமின் ஓரங்களும் டீகால் விளிம்புகளும்தான் கவனிக்க வேண்டியவை.

பெயிண்டை 800 நம்பர் வாட்டர் பேப்பரால் (உப்புத்தாள்) லேசாக மங்கலாக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த மல் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். டூக்கோ அல்லது அக்ரிலிக் பெயிண்ட் என்றால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, நிறம் வந்துவிடும். துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையின் தடம் ஒன்று போதும், அந்த இடத்தில் கிளியர் கண்கண்ணாக விலகி நிற்கும். கார் பாலீஷில் இருக்கும் சிலிக்கான் இன்னும் மோசம். அதைப் பூசிய அறையில் இந்த வேலையே வேண்டாம்.

15 முதல் 20 செ.மீ. தூரத்தில், பாதிக்குப் பாதி மேலே ஏறுமாறு அடிக்க வேண்டும். முதல் கோட் தூவல், 10 நிமிட இடைவெளி, அடுத்தது மெல்லிய ஈரக் கோட், மறுபடி 10 நிமிடம், பிறகு கடைசிக் கோட். வால் இணையும் மூலைகளில்தான் வழிசல் வரும், ஏனெனில் அங்கே இரண்டு பக்க ஸ்ப்ரேயும் ஒன்றுசேர்கிறது. மூலையை முதலில் ஒரே வீச்சில் முடித்துவிட்டு, பரப்புக்கு அப்புறம் வாருங்கள்.

கடற்கரை ஊர்களில் நேரம் முக்கியம். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் காற்றிலுள்ள ஈரத்தோடும் வினைபுரியும். அப்போது கரியமில வாயு உண்டாகிக் குண்டூசித் துளைகளாக நிற்கும். சென்னை, தூத்துக்குடி விடியற்காலைப் புழுக்கத்தில் அடிக்காதீர்கள். வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் நிழலில் அடியுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஈர மாடலை மொட்டைமாடி வெயிலில் வைப்பவர்களும் உண்டு. மேல்தோல் முதலில் இறுகிவிடும், அடியில் மாட்டிய கரைப்பான் கொப்பளமாக வெடித்து வெளியேறும். பால்சா மரத்துக்குள் இருக்கும் காற்றும் சூட்டில் விரிந்து அதோடு சேர்ந்துகொள்ளும்.

எடைக் கணக்கைப் பலர் போடுவதில்லை. காய்ந்த கிளியர் 25 மைக்ரான் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 27 கிராம் அளவில் வரும். 700 சதுர அங்குல இறக்கைக்கு மேலும் கீழுமாக 0.9 சதுர மீட்டர். ஃபியூஸ்லாஜும் வாலும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை. 50 மைக்ரான் ஏற்றினால் 80 கிராம். இரண்டரைக் கிலோ விமானத்துக்கு இது தாங்கக்கூடியதுதான். ஆனால் வாலில் கூடுதலாக விழுந்த 15 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 45 கிராம் ஈயம் கேட்கும். அதனால் வாலுக்கு இரண்டு கோட்டோடு நிறுத்துங்கள். மஃப்ளர் பக்கத்துக்கும் மூக்குக்கும் மூன்று. 400 மி.லி. டப்பா ஒன்று இந்த அளவு மாடலுக்கு நிதானமாக அடித்தால்தான் போதுமானதாக இருக்கும். எல்லா இடத்திலும் மூன்று முழுக் கோட் என்றால் இரண்டாவது டப்பாவுக்கு ஆசைப்பட வேண்டியிருக்கும்.

முகமூடி விஷயத்தில் சமரசம் கிடையாது. ஐசோசயனேட் தெளிப்பு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிட்டால் பிறகு துளி அளவு பட்டாலே மூச்சு இழுக்கும். துணி மாஸ்க், என்95 இரண்டும் ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிஜும் துகள் ஃபில்டரும் கொண்ட அரைமுக ரெஸ்பிரேட்டர், புதிய கார்ட்ரிஜ், நைட்ரைல் கையுறை, கண்ணாடி, திறந்தவெளி: இது குறைந்தபட்சம். நாளெல்லாம் இதே வேலையாக இருக்கும் டிங்கரிங் பட்டறைகளுக்கு வெளிக்காற்று ஊட்டும் முகமூடிதான் சரி. வாசனை வரவில்லை, அதனால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். ஐசோசயனேட் வாசனை காட்டிக் கூப்பிடாது. அபார்ட்மென்ட் பால்கனி இதற்கு இடமில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மாஸ்க் இல்லையே.

மறுநாள் கையில் எடுக்கலாம். எரிபொருள் படவிட ஒரு வாரம் பொறுக்க வேண்டும். வலைப்பின்னல் முழுதாக இறுக அவ்வளவு நாள் பிடிக்கும். 2கே என்றால் உடனே தாங்கும் என்று நம்பி மூன்றாம் நாளே மைதானத்துக்குப் போவதால்தான், நல்ல கிளியருக்கும் கெட்ட பெயர் வருகிறது.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. மாடலுக்கு அடித்த அன்றே, அதே பிரைமர், அதே நிறம், அதே டீகால் போட்ட ஒரு பிளைவுட் துண்டுக்கும் கிளியர் அடித்து வையுங்கள். ஏழாம் நாள், நீங்கள் ஊற்றப்போகும் அதே எரிபொருளில் பஞ்சை நனைத்து அதன்மேல் வைத்து, ஒரு பாட்டில் மூடியால் கவிழ்த்து மூடுங்கள். மூடாவிட்டால் மெத்தனால் பறந்துபோய் வெறும் எண்ணெயைச் சோதித்ததாக ஆகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்து நகத்தால் கீறுங்கள். பஞ்சில் நிறம் இல்லை, நகம் வழுக்குகிறது என்றால் சரி. பஞ்சு ஒட்டிக்கொண்டால் இன்னொரு வாரம் விடுங்கள். அப்போதும் ஒட்டினால் ஹார்டனர் கலக்கவில்லை. பெட்ரோல் என்ஜின்காரர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். இப்போது இந்தியாவில் பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய பெட்ரோலைத் தாங்கிய எனாமல் இதையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கிளியர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது போகாத இடத்தில் எரிபொருள் போகும். என்ஜின் மவுன்ட் போல்ட் துளை, டேங்க் குழாய் நுழையும் ஓட்டை, ஃபயர்வாலின் (என்ஜினைப் பொருத்தும் முன்பலகையின்) விளிம்பு, இறக்கை உட்காரும் சேடில். பிளைவுட்டின் வெட்டு முகம் எண்ணெயை ஸ்ட்ராபோல் உறிஞ்சும். ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஃபயர்வால் என்ஜினோடு கழன்று வருவது இப்படித்தான். ஃபயர்வாலுக்கும் டேங்க் அறைக்கும் 30 நிமிட எபாக்ஸியைக் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் இளக்கி பிரஷ்ஷால் பூசுங்கள். திருகுத் துளைகளுக்கு மெல்லிய சூப்பர் குளூ இரண்டு சொட்டு. இதெல்லாம் கிளியருக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை.

மாற்று என்று பார்த்தால், அமெரிக்காவின் கிளாஸ் கோட் எபாக்ஸி பெயிண்ட் எரிபொருளுக்கு நன்றாகவே தாங்கும். சரிசமமாகக் கலந்து சிறிது நேரம் ஊறவைத்து கன்னில் அடிக்க வேண்டும். எபாக்ஸி என்பதால் வெள்ளையின் மேல் அதன் கிளியர் நாளடைவில் வெயிலில் மஞ்சளிக்கக்கூடும். வருஷத்துக்கு மூன்று நான்கு மாடல் கட்டுகிறவர்கள் டப்பாவை விட்டுவிட்டு, ஆட்டோ பெயிண்ட் கடையில் அரை லிட்டர் 2கே கிளியரும் அதற்கேற்ற ஹார்டனரும் வாங்கி, 0.8 அல்லது 1 மி.மீ. டச்சப் கன்னில் அடிப்பதே லாபம். இரண்டுக்கு ஒன்று கலக்கும் வகையில் 100 மி.லி. கிளியர், 50 மி.லி. ஹார்டனர், 15 மி.லி. தின்னர் ஒரு மாடலுக்குக் காணும். விகிதம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், லேபிளைப் பாருங்கள். ஹார்டனர் டின்னை இறுக மூடாவிட்டால் மழைக்காலத்தில் ஜெல்லியாகிவிடும்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறவரிடம் ஸ்ப்ரேமேக்ஸ் டப்பா வாங்கிவரச் சொல்லலாமா என்றால், முடியாது. தீப்பற்றும் பெயிண்ட் ஏரோசால் பயணிகள் பெட்டியிலும் போகாது, கைப்பையிலும் போகாது. இறக்குமதியாகி இங்கே விற்பதை நம்பித்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது அடியில் தேதியைப் பாருங்கள். காலாவதியான டப்பாவில் ஹார்டனர் குப்பிக்குள்ளேயே கெட்டுப்போயிருக்கலாம், பொத்தானை அமுக்கும்போது அது தெரியாது.

முதல் டப்பாவில் கொஞ்சம் மீந்தால் அன்றே செலவழியுங்கள். பேட்டரி மூடியின் உள்பக்கம், வீல் பேண்ட் (சக்கர உறை) உள்பக்கம், இறக்கை போல்ட் தட்டு, மரப் புஷ்ராடின் முனை என்று எண்ணெய் தேடிப்போகும் இடங்கள் நிறைய. மறுநாள் எடுத்தால் நாஸில் அடைத்திருக்கலாம். அதற்குப் பின் ஊசி போட்டுக் குத்தினாலும் வருவது கட்டியாகத்தான் வரும்.