கடற்கரைக் காற்றில் கிட்டார்: சாலிட் டாப்பா, லாமினேட்டா?

கொயரில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணே, மவுண்ட் ரோடு கடையில ரெண்டு கிட்டார் பார்த்து வச்சிருக்கேன். சாலிட் டாப் எடுக்கவா, சாதா எடுக்கவா?" ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். "சாதாவே எடு" என்று, அதாவது லாமினேட்டையே எடு என்று, சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சர்ச்சில் 11 வருடமாக வாசிக்கிறேன். முதல் 6 வருடம் சாலிட் டாப், அதன் பிறகு லாமினேட். பேஸ் வாசிக்கும் பையன் "என்ன பிரதர், இறங்கிப் போயிட்டீங்க" என்று இன்னமும் கிண்டல் செய்கிறான்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். சாலிட் டாப்பில் மேல்பலகை முழு மரம், பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். லாமினேட்டில் மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். பச்சையாகச் சொன்னால் பிளைவுட். யமஹாவில் எஃப்310 லாமினேட், எஃப்ஜி800 சாலிட் டாப். மற்ற கம்பெனிகளிலும் இப்படி ஒரு ஜோடி இருக்கும். என்னிடம் இருந்தவை இரண்டும் வேறு. சாலிட்டுக்குக் காசு நன்றாகவே கூட ஆகும். சத்தத்தில் சாலிட்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. ராத்திரி வீடு அடங்கிய பிறகு விரலால் மெதுவாக மீட்டினால், மார்போடு அணைத்திருக்கும் இடத்தில் அதிர்வு இறங்கும். லாமினேட்டில் அந்தச் சுகம் கிடையாது.

ஆனால் என் வீடு பட்டினப்பாக்கத்தில். கடல் கூப்பிடு தூரம். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம்தான் ஒத்துக்கொள்ளும் என்கிறார்கள் செய்பவர்கள். எங்கள் ஹாலில் தொங்கும் ஈரப்பதமானி ஐப்பசி பிறந்தால் 80-ஐத் தொட்டுவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். மரம் ஈரத்தைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே உப்பும். அதற்கு மேல் ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவிசையோடு, மேல்பலகையில் அவற்றைக் கட்டியிருக்கும் கட்டையான பிரிட்ஜைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகைக்குத் தொப்பை விழும். அதோடு பிரிட்ஜும் எழும்பும், ஸ்ட்ரிங்கும் உயரும். லாமினேட்டில் தகடுகளின் ரேகைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால், ஒன்று உப்பப் பார்த்தால் அடுத்தது விடாது.

இது சர்ச்சில் வாசிக்கிறவனுக்கு ஏன் பெரிய விஷயம்? டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்ட்ஸ். சின்ன வேனில் 15 பேர், மடியில் கிட்டார், வெளியே தூறல். ஒரு வீட்டு வாசலில் நனைந்து, அடுத்த வீட்டு ஏசி ஹாலில் காய்ந்து, கேக் சாப்பிட்டுவிட்டு மறுபடி தெருவுக்கு. சாலிட் வைத்திருந்த காலத்தில் ஒரு வருடம், இப்படியே ஒரு மாதம் போன பிறகு 31-ஆம் தேதி வாட்ச் நைட், அதாவது புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனை. கழுத்தில் குறுக்கே ஓடும் கம்பிகளில் 12-ஆவதுக்கு, அதாவது 12-ஆவது ஃபிரட்டுக்கு, மேலே ஸ்ட்ரிங் வரை வழக்கமாக இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி அன்றைக்கு நாலு மில்லிமீட்டர் இருந்தது. மறுநாள் ஸ்கேல் வைத்து அளந்தேன். எஃப் கார்டு பிடித்தால் கட்டை விரல் மரத்துப்போகிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், சுருதியை ஏற்ற எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அமுக்கும் கிளிப்பான கேப்போதான் காலை வாரியது. பாமாலையை ஆர்கன் ஈ ஃப்ளாட்டில் எடுக்க, நான் மூன்றாவது ஃபிரட்டில் கேப்போ போட்டு சி ஷேப்பில் வாசித்தேன். ஸ்ட்ரிங் உயரமாக இருந்தால் கேப்போ அதை அமுக்கும்போதே இழுபட்டு சுருதி ஏறிவிடும். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம், எல்லோரும் முழங்காலில் இருக்கிறார்கள், ஆர்கன் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. முன்வரிசைப் பாட்டி ஒருவர் இரண்டையும் சட்டை செய்யாமல் தன் சுருதியில் ஆரம்பித்தார். சபை அவர் பின்னால் போய்விட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். பாட்டைத் தாங்கத்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறேன், நானே தடுக்குகிறேன் என்று தோன்றியது.

பிறகு ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் கழுத்துக்குள் ஓடும் கம்பியான டிரஸ் ராடைத் திருகித் திருப்பிக் கொடுத்தார்கள். டிரஸ் ராட் கழுத்தின் வளைவைத்தான் சரி செய்யும், தொப்பையை அல்ல. காசு போனதுதான் மிச்சம். அப்புறம் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் வைத்தியம். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வறுத்து ஈரத்தை ஓட்டி மறுபடி பெட்டிக்குள் வைக்க வேண்டும். இதற்கென்றே ஒரு பழைய வாணலியை ஒதுக்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பழகுவதா, மணி வறுப்பதா?

இன்னொன்று. சபைக்குக் கேட்பது என் மேல்பலகையே அல்ல. பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் பட்டையான சேடிலுக்கு அடியில் இருந்து அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ பிக்கப் வழியாக மிக்ஸருக்குப் போய் ஸ்பீக்கரில் வருவதைத்தான் கேட்கிறார்கள். அந்த வழியில் சாலிட்டின் இனிமையில் பாதி செத்துவிடும். லாமினேட் பலகை விறைப்பாக இருப்பதால், என் கிட்டாரில் ஃபீட்பேக் ஊளையும் குறைந்தது. 9 வோல்ட் பேட்டரி மட்டும் இரண்டிலும் சரியாகப் பிரசங்கத்துக்கு முந்தின பாட்டில்தான் தீரும்.

லாமினேட்டும் சாகாவரம் வாங்கி வரவில்லை. கழுத்து மரம்தானே, வருடத்துக்கு ஒருமுறை செட்டப், அதாவது கழுத்தையும் ஸ்ட்ரிங் உயரத்தையும் சரிபார்ப்பது, வேண்டும். உப்புக் காற்றில் ஸ்ட்ரிங் ஒன்றரை மாதத்தில் கறுத்துவிடுகிறது. கீர்த்தனைக்கு இரண்டுமே ஒன்றுதான்: சங்கராபரணம் என்றால் மேஜர் கார்டுகள் தானாக வந்து உட்காரும், மாயாமாளவகௌளை என்றால் எந்தக் கிட்டாரும் திணறும், நான் சுருதி மட்டும் பிடித்துக்கொண்டு தபேலாவுக்கு வழிவிட்டுவிடுவேன்.

வீட்டில் தனியாக ஜெபத்தோடு வாசிக்க, வெளியே எடுத்துப் போகாமல் வைத்துக்கொள்ள, சாலிட்டையே வாங்கலாம். தாம்பரம், ஆவடிப் பக்கம், கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு நிலைமை வேறாக இருக்கலாம். நான் அங்கே குடியிருந்ததில்லை. பின்பலகையும் பக்கமும்கூட முழு மரமாக இருக்கும் விலை உயர்ந்தவற்றை நான் வைத்துப் பார்த்ததில்லை. என் பழைய சாலிட்டைப் பெங்களூரு மச்சான் எடுத்துக்கொண்டான். அங்கே போய் ஒரு கோடை கழிந்ததும் தொப்பை பாதி இறங்கிவிட்டதாம்.

அந்தத் தம்பி நேற்று போன் செய்தான். சாலிட்டே வாங்கிவிட்டானாம், சத்தம் கேட்டதும் மனசு கேட்கவில்லையாம். சிலிகா ஜெல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தான். ஞாயிற்றுக்கிழமை வரும்போது வாணலியையும் எடுத்துவந்து கொடுத்துவிடப் போகிறேன்.