தண்டையார்பேட்டை கராத்தே கிளாஸ்: மாஸ்டர் பிரமாதம், கிளாஸ் நடத்துவது சுமார்

பையன் எட்டு மாதமாகப் போகிறான். வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்பதால் சேர்த்தேன், வேறு ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை.

முன்பு போன இடத்தில் இரண்டாவது மாதமே மஞ்சள் பெல்ட், டெஸ்ட் பீஸ் 1,500 ரூபாய். வீட்டில் கட்டா (அடி, தடுப்பு எல்லாம் வரிசையாகத் தனியே செய்துகாட்டுவது) செய்துகாட்டு என்றால் பாவம், சுவரைப் பார்த்து நிற்பான். ஹெய்யான் ஷோடான் என்கிற ஆரம்பக் கட்டாவில் முதலில் இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்பதே அவனுக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. இங்கே எட்டு மாதத்தில் ஒரே ஒரு டெஸ்ட், அதிலும் ஃபெயில். முன்கால் முட்டி மடங்கவில்லையாம். பீஸ் வாங்கிக்கொண்டு ஃபெயில் போடுகிறாரே என்று எனக்குச் செம எரிச்சல். அப்புறம் பார்த்தால், திரும்ப எழுதுகிற டெஸ்டுக்குக் காசு வாங்கவில்லை, ஆறு வாரம் அந்த ஒரு முட்டியையே பிடித்துத் திருத்தினார். ஃபெயில் போட்ட அந்த வாரம் நாலு பிள்ளைகளை அப்பா அம்மா நிறுத்திவிட்டார்கள். அது தெரிந்தேதான் ஃபெயில் போட்டிருக்கிறார்.

'சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா' என்று கேட்காத ஆள் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இருந்தது, 2024 பாரிஸில் இல்லை, கோட்டாவுக்காக என்றால் இங்கே சேர்க்காதீர்கள் என்று மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். இப்படிப் பேசினால் யார் சேருவார்கள்? அதிலும் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை பேசுகிற நம்ம ஏரியாவில், கராத்தே என்றாலே 'அது என்னப்பா டான்ஸு' என்று சிரிக்கிற தாத்தாக்கள் தெருவுக்கு ரெண்டு பேர்.

சரி, குறைக்கு வருகிறேன். மொட்டை மாடி, மேலே தகர ஷீட். மேட்டை ஒன்றோடொன்று கோக்கிற பல்லெல்லாம் தேய்ந்து, ஸ்பாரிங்கில் (ஜோடியாக மோதிப் பழகும்போது) கால் வைத்தால் ரெண்டாகப் பிரிகிறது. பிரவுன் டேப் ஒட்டி ஓட்டுகிறார். ஐப்பசி மழையில் பாதி நாள் கிளாஸ் இல்லை. ஆறு மணி கிளாசுக்கு 5.50க்கு வாட்ஸ்அப் வரும், அதற்குள் பிள்ளை டிரஸ் போட்டுப் படியில் நிற்பான். கூட்டிப் பெருக்குவது, மேட் துடைப்பது, பீஸ் எழுதுவது எல்லாம் அவர் ஒருத்தர்தான். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வேலை வேறு.

ஒருநாள் பீஸ் நோட்டை எட்டிப் பார்த்தேன். மே மாதம் அறுபது பேர், ஸ்கூல் திறந்ததும் இருபத்து மூன்று. வாடகை மட்டும் அதேதான். அந்த இருபத்து மூன்றிலும் பாதிப் பேருக்கு நேராக 'பாக்கி'. மாதம் 700 ரூபாய், வாய் திறந்து கேட்கவே மாட்டார். 'அடுத்த மாசம் சேர்த்துத் தரேன் மாஸ்டர்' என்றால் 'பரவாயில்லம்மா' என்பார். ஏன் மேட் மாற்றவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், நோட்டில் என் பையன் பெயருக்கு நேரேயும் இரண்டு மாதம் காலி.

சொல்லிக்கொடுப்பதற்கு ஐந்து ஸ்டார், இடத்துக்கு இரண்டு. சேர்க்கிறவர்கள் ஒருநாள் முன்கூட்டியே போய்ப் பாருங்கள், வண்டி நிறுத்த இடம் கிடையாது.