பப்மெட் ரிவ்யூ: தேடுறதுக்கு சூப்பர், தீர்ப்பு மட்டும் கேக்காதீங்க

"ஆராய்ச்சில நிரூபிச்சிட்டாங்க"ன்னு ஒரு ஃபார்வேர்டு வரும். எந்த ஆராய்ச்சி, யார் பண்ணாங்க, எத்தன பேர வச்சு பண்ணாங்கன்னு ஒரு வரி இருக்காது. அத நாமளே போய் பாத்துடலாமேன்னு நெனைக்கிறவங்களுக்கு கையில இருக்குற முதல் கருவி பப்மெட் தான். டாக்டர், நர்ஸ், டயட்டீஷியன், தீசிஸ் எழுதுற ஸ்டூடன்ட்னு நெறைய பேர் தினமும் யூஸ் பண்றாங்க, ஆனா வெளியில இருந்து வர்றவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு யாரும் எழுதி நான் பாக்கல, அதான் இந்த ரிவ்யூ. உடல்நலம், உணவு, படிப்பு இந்த மூணு பக்கமும் தேடி பாத்து எழுதுறேன், மூணுக்கும் ஒரே மார்க் குடுக்க முடியாது, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல அது என்னன்னு சுருக்கமா. மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகள தேடுறதுக்கு அமெரிக்காவோட தேசிய மருத்துவ நூலகம் நடத்துற தளம். 1879ல ஜான் ஷா பில்லிங்ஸ்னு ஒரு ராணுவ டாக்டர் ஆரம்பிச்ச இண்டெக்ஸ் மெடிகஸ்ங்கற அச்சுப் பட்டியலோட வாரிசு இது. 1997ல தான் எல்லாருக்கும் இலவசமா தொறந்து விட்டாங்க. இப்ப மூணரை கோடிக்கு மேல கட்டுரைகளோட விவரம் இருக்கு. காசு கிடையாது, லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது. இன்னிக்கு நெட்ல இந்த மூணும் இல்லாத ஒரு சைட்ட காட்டுங்க பாப்போம்.

தேடுற பெட்டி தான் இதுல ரொம்ப பிடிச்சது, ஆனா அதோட குணம் தெரிஞ்சா தான் பிடிக்கும். சாதா வார்த்தையில "வைட்டமின் சி, ஜலதோஷம்"னு இங்கிலீஷ்ல போட்டீங்கன்னா அது அப்படியே தேடாது, உள்ளுக்குள்ள மெஷ்னு ஒரு மருத்துவ சொல் பட்டியல் வச்சிருக்கு, அதுல வைட்டமின் சிக்கு அஸ்கார்பிக் ஆசிட்னு பேரு, ரெண்டையும் சேத்து தேடிக்கும். அதனால ஆராய்ச்சியாளர் எந்த பேர்ல எழுதி இருந்தாலும் வந்து விழும். இது தெரியாம நெறைய பேர் கூகுள்ல பண்ற பழக்கத்துல மேற்கோள் குறி போட்டு தேடுவாங்க, போட்ட உடனே இந்த மாத்தி தேடுற வேல நின்னு போயிடும், ரிசல்ட் பாதியா கொறஞ்சு "ஆராய்ச்சியே இல்ல போல"ன்னு முடிவு பண்ணிடுவாங்க. மேற்கோள் குறிய விடுங்க. அட்வான்ஸ்டு பக்கத்துக்கு போனா நம்ம தேடல எப்படி பிரிச்சு தேடுச்சுன்னு முழுசா காட்டும், அத ஒரு தடவ பாத்தா போதும், புரிஞ்சிடும்.

இடது பக்கம் இருக்குற ஃபில்டர்கள் தான் உண்மையான சொத்து. ரேண்டமைஸ்டு ட்ரையல் (குலுக்கல்ல ஆள பிரிச்சு பண்ற சோதனை) மட்டும், சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கு வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் முறையா தேடி அலசுறது) மட்டும், முழுக் கட்டுரை இலவசமா கெடைக்கிறது மட்டும்னு தனித்தனியா டிக் பண்ணிக்கலாம். உணவு சம்பந்தமா தேடுறவங்க மனுஷங்கள வச்சு பண்ணதுன்னு ஒரு ஃபில்டர் இருக்கு பாருங்க, அத கண்டிப்பா போடுங்க, இல்லன்னா எலி ஆராய்ச்சி எல்லாம் வரிசையா வந்து நிக்கும், ஃபார்வேர்டு எழுதுறவங்களுக்கு எலிக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் கிடையாது, நமக்கு இருக்கணும். ஒரு சின்ன பிரச்சன, அந்த ஃபில்டர், மெஷ் பட்டியல்ல இருந்து குறிச்சொல் போட்ட கட்டுரைகள மட்டும் தான் காட்டும், குறி போடாத கட்டுரைகள் அதுல மறஞ்சிடும். அதனால ஃபில்டரோட ஒரு தடவ, ஃபில்டர் இல்லாம ஒரு தடவ தேடுங்க.

அடுத்து, யாரும் கவனிக்காத ஒரு விஷயம். 2017ல இருந்து கட்டுரை சுருக்கத்துக்கு கீழயே ஆராய்ச்சியாளர் யார்கிட்ட காசு வாங்கினாரு, எந்த கம்பெனில பங்கு வச்சிருக்காருன்னு சொல்ற பகுதிய காட்டுறாங்க, ஜர்னல்காரங்க அனுப்பி இருந்தா. உணவு ஆராய்ச்சில இது எவ்ளோ முக்கியம்னா, 1967ல நியூ இங்கிலாண்ட் ஜர்னல்ங்கற பெரிய மருத்துவ இதழ்ல சர்க்கரைய விட்டுட்டு கொழுப்ப மட்டும் இதய நோய்க்கு குத்தவாளி ஆக்கி ஒரு ரிவ்யூ வந்துச்சு, எழுதினவங்க ஹார்வர்ட் ஆளுங்க. அதுக்கு சர்க்கரை கம்பெனிகளோட சங்கம் சுமார் 6500 டாலர் குடுத்துச்சுங்கறது 2016ல தான் பழைய கடிதங்கள தோண்டி வெளிய வந்துச்சு. கிட்டத்தட்ட அம்பது வருஷம்! அந்த காலத்துல இதெல்லாம் சொல்லணும்ங்கற விதியே கிடையாது. இப்ப சொல்ல வேண்டி இருக்கு, சொல்றத பப்மெட் கண்ணு முன்னாடி வைக்குது. நான் இப்பல்லாம் கட்டுரையோட முடிவ படிக்கிறதுக்கு முன்னாடி இத தான் மொதல்ல படிக்கிறேன்.

அதே மாதிரி, வாபஸ் வாங்கின கட்டுரைன்னா மேலயே பெருசா எச்சரிக்கை போடுவாங்க. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சு போட்ட 1998 லான்செட் (மருத்துவ ஜர்னல்) கட்டுரைய எடுத்து பாருங்க, 12 குழந்தைங்கள வச்சு எழுதினது, 2010ல வாபஸ் ஆச்சு, இன்னும் லிஸ்ட்ல இருக்கு, ஆனா வாபஸ்னு முத்திரையோட. அழிக்காம வச்சிருக்கறது சரி தான், அழிச்சா அத நம்பி எழுதின மத்த கட்டுரைகள எப்படி கண்டுபிடிக்கிறது? மெடிட்டரேனியன் உணவு முறைய பத்தின ப்ரெடிமெட் ஆராய்ச்சி கதையும் இப்படித்தான், 7447 பேர், 2013ல வந்துச்சு, குலுக்கல் முறைல ஆள் பிரிச்சதுல கோளாறுன்னு 2018ல வாபஸ் வாங்கி, கணக்க திருத்தி மறுபடி போட்டாங்க. ரெண்டையும் பப்மெட்ல ஒண்ணுக்கொண்ணு லிங்க் பண்ணி பாக்கலாம். ஸ்கூல் சாப்பாட்டு தட்ட எப்படி அடுக்கி வச்சா பசங்க காய்கறி சாப்பிடுவாங்கன்னு எழுதி பேர் வாங்கின, அப்ப கார்னெல் யுனிவர்சிட்டி பேராசிரியரா இருந்த பிரையன் வான்சிங்க் கட்டுரைகள்ல ஆறு, 2018ல ஒரே நாள்ல ஜாமாங்கற அமெரிக்க டாக்டர்கள் சங்கத்து ஜர்னல் குழு வாபஸ் வாங்குச்சு. அவர் ஐடியாவ நம்பி எத்தனையோ ஸ்கூல் கேன்டீன மாத்தி அடுக்கினாங்க. ஒரு கட்டுரைய யாருக்காவது அனுப்புறதுக்கு முன்னாடி இந்த எச்சரிக்கை இருக்கான்னு ஒரு பார்வ பாத்துடுங்க.

சரி, இப்ப குறைகள்.

மொத குறை பப்மெட்டோடது இல்ல, நம்மளோடது. "பப்மெட்லயே இருக்கு"ன்னு சொல்லி வாய அடைக்கிறாங்க பாருங்க, அது. டெலிபோன் டைரக்டரில பேர் இருந்தா ஆள் நல்லவர்னு அர்த்தமா? உள்ள மூணு பகுதி இருக்கு. மெட்லைன்ங்கறது ஜர்னலோட தரத்த ஒரு குழு பாத்து சேக்குறது. பிஎம்சிங்கறது முழுக் கட்டுரைகள் இருக்குற கிடங்கு, 2000ல ஆரம்பிச்சது, நிதி குடுத்த அரசாங்க விதிப்படி வந்து சேர்ற கட்டுரைகளும் அதுல இருக்கு, எல்லாமே மெட்லைன்ல இருக்குற ஜர்னல்னு இல்ல. மூணாவது புத்தகங்கள். மூணையும் ஒரே மாதிரி எழுத்துல, ஒரே மாதிரி பெட்டில காட்டினா புதுசா வர்றவனுக்கு எப்படி தெரியும்? ஃபில்டர்ல மெட்லைன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது உள்ள ஒளிஞ்சிருக்கு. அத மேல கொண்டு வந்து வைக்கலாம், ஏன் வைக்கலன்னு எனக்கு புரியல.

ரெண்டாவது, நமக்கு பெரும்பாலும் கெடைக்கிறது சுருக்கம் மட்டும் தான். முழுசா படிக்க போனா பல ஜர்னல்ல காசு கேக்கும். சுருக்கத்த மட்டும் படிச்சு முடிவு எடுக்கிறது ஆபத்து, சும்மா சொல்லல, 2010ல ஜாமால ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, முக்கிய கேள்விக்கு பலன் தெளிவா கெடைக்காத 72 ட்ரையல்கள எடுத்து படிச்சாங்க, அதுல பாதிக்கு மேல சுருக்கத்தோட முடிவுரைல விஷயத்த நல்லபடியா பூசி மெழுகி எழுதி இருந்தாங்க. அதனால சுருக்கத்துல கடைசி வரிய விட்டுட்டு நம்பர் இருக்குற பகுதிய படிங்க. முழுக் கட்டுரை வேணும்னா வலது பக்கம் பிஎம்சி பட்டன் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எழுதினவருக்கே ஒரு மெயில் போடுங்க, பெரும்பாலானவங்க சந்தோஷமா அனுப்புவாங்க, அவங்க எழுதினத ஒருத்தர் படிக்க கேக்குறாங்களேன்னு.

மூணாவது, உணவு ஆராய்ச்சியே தேடுறவன மயக்கிடும். 2013ல ஷோன்ஃபெல்ட், இயோனிடிஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சமையல் புத்தகத்துல இருந்து 50 பொருள குலுக்கல்ல எடுத்து, எதுக்கெல்லாம் கேன்சரோட தொடர்புன்னு கட்டுரை இருக்குன்னு பப்மெட்ல தேடினாங்க. 40 பொருளுக்கு இருந்துச்சு! ஒரே பொருள் கேன்சர கூட்டும்னு ஒண்ணு, கொறைக்கும்னு ஒண்ணு. நீங்க எத நம்பினாலும் அதுக்கு ஒரு கட்டுரை கெடைக்கும்ங்கறது தான் இதுக்கு அர்த்தம். தேடி எடுத்த மொத கட்டுரைய வச்சு சண்டைக்கு போறவங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

அதனால தான் நான் பப்மெட்ட தனியா யூஸ் பண்றது இல்ல, சிஸ்டமேட்டிக் ரிவ்யூகள வெளியிடுற காக்ரேன் லைப்ரரியோட சேத்து தான். ஒரு கேள்விக்கு வந்த எல்லா ட்ரையலையும் சேத்து, எது தரமானது எது ஓட்டைன்னு எடை போட்டு சொல்றாங்க, 1993ல இருந்து பண்றாங்க. அதே வைட்டமின் சி கேள்விய அங்க பாத்தா பதில் எவ்ளோ தெளிவு: தினமும் எடுத்தாலும் சாதாரண ஆளுங்களுக்கு சளி வர்றது கொறையல, வந்தா இருக்குற நாள் பெரியவங்களுக்கு சுமார் 8 சதவீதம், குழந்தைங்களுக்கு 14 சதவீதம் கொறஞ்சுச்சு, சளி ஆரம்பிச்சப்பறம் எடுத்ததுல நிலையா ஒரு பலனும் தெரியல, ஆனா மாரத்தான் ஓடுறவங்க, கடுங்குளிர்ல பயிற்சி பண்ற சோல்ஜர்ஸ் மாதிரி ஆளுங்களுக்கு வர்ற வாய்ப்பே பாதியாச்சு. பாருங்க, ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல, யாருக்கு எவ்ளோங்கறது தான் பதில். எளிய நடைல சுருக்கமும் போடுறாங்க, சிலது தமிழ்லயும் இருக்கு. கொற என்னன்னா நெறைய ரிவ்யூல "ஆதாரம் போதாது, இன்னும் ஆராய்ச்சி தேவ"ன்னு முடிச்சிருப்பாங்க, நேர்மை தான், ஆனா அவசரத்துல தேடுறவனுக்கு எரிச்சலா வரும்.

கூகுள் ஸ்காலர் பத்தி ஒரு வரி: கட்டுரையோட இலவச பிடிஎஃப் எங்கயாவது கெடக்கான்னு பாக்க நல்லது, ரிவ்யூ கட்டுரைகள தனியா பிரிக்கிறத தவிர ஆராய்ச்சி வகைய வச்சு வடிகட்ட முடியாது, ஆயிரம் ரிசல்ட்டுக்கு மேல காட்டாது, அவ்ளோதான்.

இப்ப படிப்பு பக்கம். இங்க தான் பப்மெட் கைய விரிக்குது. குடற்புழு மாத்திரை விஷயத்த எடுத்துக்கங்க, மூணு துறையும் சந்திக்கிற எடம். கென்யாவுல 75 ஸ்கூல்ல பசங்களுக்கு மாத்திரை குடுத்து பாத்து, லீவு போடுறது கால்வாசி கொறஞ்சுச்சுன்னு மிகுவெல், க்ரெமர்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2004ல எழுதினாங்க, பரிட்சை மார்க் ஏறலன்னும் அவங்களே சொன்னாங்க. வந்தது எகனாமெட்ரிகாவுல, அது பொருளாதார ஜர்னல், அந்த மாதிரி ஜர்னல்கள பப்மெட் முழுசா எடுக்குறது இல்ல. மறுபக்கம் காக்ரேன் ரிவ்யூ, டெஸ்ட் பண்ணாம எல்லா குழந்தைக்கும் மாத்திரை குடுக்கறதால சராசரியா எடையோ அறிவுத்திறனோ மார்க்கோ ஏறுற மாதிரி தெரியலன்னு சொல்லுது. 2015ல கென்யா டேட்டாவ மறுபடி அலசி வேற ஒரு குழு எழுத, டாக்டர் கட்சி, பொருளாதார கட்சின்னு ரெண்டும் அடிச்சுக்கிட்டதுக்கு புழு யுத்தம்னே பேர் வச்சாங்க. பப்மெட்ல மட்டும் தேடுறவனுக்கு டாக்டர் கட்சியோட வாதம் முழுசா கெடைக்கும், பொருளாதார கட்சியோட வாதம் அரைகுறையா தான் கெடைக்கும், அரைகுறைன்னு அவனுக்கு தெரியவும் செய்யாது. அது தான் பிரச்சனையே.

இந்த எடத்துக்கு எரிக்னு கல்வி ஆராய்ச்சி தேடுற தளம் இருக்கு, அமெரிக்க கல்வித் துறையோடது, அறுபதுகள்ல இருந்து ஓடுது. முழு பிடிஎஃப் நெறைய இலவசம், பியர் ரிவ்யூ (அதே துறை ஆளுங்க சரி பாக்குறது) பண்ணதுக்கு மட்டும்னு ஒரு டிக் இருக்கு, கல்வி ஆராய்ச்சியோட தரத்த எடை போடுற வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் குடுத்த மதிப்பீட்ட வச்சும் வடிகட்டலாம். ஆனா தேடுற அறிவு பப்மெட் அளவு கிடையாது, சரியான கல்வி வார்த்தைய போட்டா தான் சரியா வரும். பசங்க காலை சாப்பாடு, கவனம், மார்க் இந்த மாதிரி கேள்விக்கு பப்மெட், எரிக் ரெண்டுலயும் தேடியே ஆகணும், ஒண்ணுல தேடிட்டு எழுதுற தீசிஸ கைடு திருப்பி அனுப்பினா கோச்சுக்காதீங்க.

மார்க்: உடல்நலத்துக்கு அஞ்சுக்கு நாலரை. உணவுக்கு நாலு, அரை மார்க் கொறஞ்சது தளத்தால இல்ல, துறையால. படிப்புக்கு ரெண்டு. கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சு தேடல சேவ் பண்ணி வச்சா புதுக் கட்டுரை வரும்போது மெயில் வரும், ஒரே விஷயத்த தொடர்ந்து பாக்குறவங்க மொத நாளே அத செட் பண்ணிடுங்க, வாரத்துக்கு ஒண்ணுன்னு வைங்க, தினமும்னு வச்சா ரெண்டே நாள்ல இன்பாக்ஸ் ரொம்பி நீங்களே நிறுத்திடுவீங்க.