டென்னிஸ் அகாடமி: உள்ளே வளர்ந்தவளின் அனுபவம்

பிள்ளையை டென்னிஸில் சேர்க்கப் போகிறோம், எந்த அகாடமி நல்லது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கோச் யார், அவர் எந்த அளவுக்கு ஆடியவர், கோர்ட் புதுசா, ஃபீஸ் எவ்வளவு என்பதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே உங்கள் பிள்ளை யாரோடு ஆடும்?

சென்னையில் பள்ளிப் பருவம் முழுக்க ஓர் அகாடமியில் ஆடி, மாநிலப் போட்டிகளுக்குப் போய், கல்லூரி அணியோடு நிறுத்திக்கொண்டவள் நான். இப்போது வார இறுதியில் மட்டும் ஆடுகிறேன். இத்தனை வருடம் கழித்து யோசித்தால், எனக்குக் கிடைத்ததில் பெரும்பங்கு நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கொடுத்தது என்றே படுகிறது.

எங்கள் அகாடமி ஒரு பழைய கிளப்புக்குள் நடந்தது. பெரும்பாலும் மண் கோர்ட், ஓரமாக ஒரு ஹார்ட் கோர்ட். வெயில் ஏறுவதற்குள் காலை பேட்ச் முடிந்தாக வேண்டும் என்பதால் இருட்டோடு போய்விடுவோம். அதற்குள் மார்க்கர் அண்ணன்கள் தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, கோடுகளைப் பெருக்கி வைத்திருப்பார்கள். கிளப் உறுப்பினர்களோடு ஆடுவதற்கென்று சம்பளத்துக்கு இருப்பவர்கள்தான் மார்க்கர்கள். நான் பார்த்தவர்களில் பலர் சிறுவயதில் பந்து பொறுக்க வந்து, பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். கிரிப் பிடிப்பது எப்படி என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுத்ததில்லை. ஆனால் கேட்ட இடத்தில், கேட்ட வேகத்தில், அரை மணி நேரம் சலிக்காமல் பந்தைப் போட அவர்களால் முடியும்.

அப்படி ஓர் அண்ணனிடம்தான் என் பேக்ஹேண்ட் (புறங்கை எதிராளியைப் பார்க்க அடிக்கும் அடி) உருவானது. நான் நிமிர்ந்து நின்று அடிப்பதைக் கண்டால் உடனே ஸ்லைஸ், அதாவது பந்தின் அடிப்பக்கத்தைச் சீவிவிடும் அடி, போடுவார். எங்கள் மண் கோர்ட்டில் அது எழும்பாது, வழுக்கிக்கொண்டு கணுக்கால் உயரத்தில் வரும். "முட்டிய மடக்கு பாப்பா" என்று ஒரு தடவை சொல்வார், அப்புறம் சொல்ல மாட்டார். நான் மடக்கும் வரை அடுத்த பந்தும் அதே உயரத்தில்தான் வரும். மடக்கி ஒழுங்காக அடித்துவிட்டால் மறு பந்தை இடுப்பு உயரத்துக்கு அழகாக ஏற்றிக் கொடுப்பார். இப்படி ஒரு பாடத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அகாடமிகளின் விளம்பரத்தில் இவர்கள் பெயர் வருவதே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கோச் சார் கற்றுக்கொடுத்ததும் குறைவில்லை. தினமும் பயிற்சிக்கு முன் நெட் உயரத்தைப் பார்க்கச் சொல்வார். டேப் எல்லாம் கிடையாது. ஒரு ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் இன்னொரு ராக்கெட்டின் தலையைப் பக்கவாட்டில் வைத்தால் ஏறக்குறைய 3 அடி வரும். நடுவில் நெட் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். ஓரத்துக் கம்பத்தில் மூன்றரை அடி. அந்த அரை அடி வித்தியாசத்தை வைத்துத்தான் ஆட்டத்தின் பாதியை எங்களுக்கு விளக்கினார். கோர்ட்டின் நீளம் 78 அடி. மூலைக்கு மூலை குறுக்கே அடித்தால் சிங்கிள்ஸ் கோர்ட்டில் 82 அடிக்கு மேல் கிடைக்கிறது, பந்தும் நெட்டின் தாழ்வான பகுதிக்கு மேல் போகிறது. இடமும் அதிகம், தடுப்பும் தாழ்வு. அதனால்தான் நெருக்கடியில் கிராஸ்கோர்ட் அடி என்கிறார்கள். நேராக லைன் ஓரம் அடிப்பதற்குக் காலும் உடம்பும் தயாராக இருந்தால்தான் எங்களுக்கு அனுமதி.

ஆனால் கிராஸ்கோர்ட் ரேலிக்கு, அதாவது பந்தை விடாமல் மாறி மாறி அடிப்பதற்கு, இரண்டு பேர் வேண்டுமே! எதிரே இருப்பவர் நான்காவது பந்தை வெளியே அடித்தால் உங்கள் பயிற்சியும் நான்காவது பந்தோடு முடிந்தது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை வென்று, ஓபன் யுகத்தில், அதாவது 1968க்குப் பிறகு, கிராண்ட் ஸ்லாம் சிங்கிள்ஸ் மெயின் டிராவில் (தகுதிச் சுற்றுக்கு அடுத்த பிரதான ஆட்டங்களில்) ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அந்தப் பேச்செல்லாம் அடங்காத காலத்திலும் எங்கள் பேட்சில் பெண்கள் ஒரு கை விரலுக்குள்தான். பையன்களோடு ஆடு என்பார்கள். ஆடினேன். வேகம் பழகியது, ஆனால் பாயின்ட்டைக் கட்டும் பொறுமை வரவில்லை. என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா ஒருவர் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் என் ஆட்டம் மாறியது. அவர் பந்தை விடவே மாட்டார். அவரிடம் ஒரு பாயின்ட் எடுக்க மூன்று தடவை ஜெயிக்க வேண்டும். தினமும் அவரோடு ஆடிவிட்டுப் போட்டிக்குப் போனால் அங்கே வருகிற பந்தெல்லாம் சாதுவாகத் தெரியும்.

இதற்குப் பெரிய சாட்சி ஒன்றை நுங்கம்பாக்கம் ஸ்டேடியமே பார்த்திருக்கிறது. 2008 சென்னை ஓபன் அரையிறுதி, ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும். இருவரும் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்காரர்கள். நடால் சிறுவனாக இருந்தபோதே அவரைக் கூட்டிப் பயிற்சி செய்தவர் மோயா. 6-7, 7-6, 7-6 என்று நான்கு மணி நேரத்தைத் தொடும் ஆட்டம். ஒருவர் எங்கே அடிப்பார் என்று இன்னொருவருக்கு முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது. நடால் ஜெயித்தார். மறுநாள் இறுதியில் உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லாமல் ரஷ்யாவின் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். மோயா 1998இலேயே பிரெஞ்சு ஓபன் ஜெயித்தவர். அப்படிப்பட்டவர் பக்கத்திலேயே பயிற்சிக்குக் கிடைத்தது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கொடை என்பது எனக்கு அன்று புரிந்தது.

மண் கோர்ட் இன்னொன்றையும் பழக்கியது. ஜூனியர் போட்டிகளில் பெரும்பாலும் நாற்காலியில் நடுவர் இருக்க மாட்டார். நம் பக்கம் விழும் பந்தை இன், அவுட் என்று நாமே சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் பந்து உள்ளே என்பதுதான் விதி. மண்ணில் பந்து விழுந்த தடம் தெரியும். மதுரை அக்காவோடு ஆடும்போது, நான் "அவுட்" என்றால் அவர் நெட் வரைக்கும் வந்து பார்ப்பார். நான் தடத்தைச் சுற்றி ராக்கெட் நுனியால் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். கோட்டை மயிரிழை தொட்டிருந்தாலும் பாயின்ட் அவருக்கு. முதலில் சண்டை, அப்புறம் அதுவே பழக்கம். ஹார்ட் கோர்ட்டில் பெரும்பாலும் தடம் தெரியாது. அங்கேயும் கண் தானாகவே உண்மையைச் சொல்லப் பழகியிருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் பேட்சில் ஒரு கோர்ட்டுக்கு எட்டுப் பேர், கூடையிலிருந்து ஒருவர் பந்து போடுவார், இரண்டு அடித்துவிட்டு வரிசையில் போய் நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அதிக நேரம் நிற்பதிலேயே போகும். ஏழு வயதுப் பிள்ளைக்கும் பெரியவர்கள் ஆடும் அதே மஞ்சள் பந்து. தலைக்கு மேல் எழும்பும் பந்தை அடிக்கப் போய் கிரிப் கோணலாகும். 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்கு வேகம் குறைந்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளைச் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் கட்டாயமாக்கிவிட்டது. சிவப்புப் பந்துக்கு 36 அடி நீளக் கோர்ட் போதும். இன்றைக்கும் ஒரு அகாடமியில் இந்தப் பந்துகள் கண்ணில் படவில்லை என்றால் நான் அங்கே குழந்தையைச் சேர்க்க மாட்டேன்.

என் முட்டி விஷயம் இதைவிட வேதனையானது. பன்னிரண்டு வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலித்தது. "வளர்ற வயசு, ஓடு, சரியாயிடும்" என்று ஃபிட்னஸ் பார்த்தவர் சிமென்ட் தரையில் ஓடவிட்டார். பிறகு பார்த்த விளையாட்டு மருத்துவர் அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர் சொன்னார். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இடத்தைத் தொடைத் தசையின் நார் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது. வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் அதுவரை ஓட்டத்தையும் குதிப்பதையும் வலிக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும். ஒரு சீசனையே அதற்குக் கொடுத்தேன். பிள்ளை வலிக்கிறது என்றால் நடிக்கிறது என்று நினைக்கும் இடத்தில் தயவுசெய்து விடாதீர்கள்.

ஆட்டத்தை விட்டுச் சில வருடம் கழித்து மறுபடி கோர்ட்டில் இறங்கினேன். சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதுகூட முதலில் கைவரவில்லை. ஆனால் எதிராளி அடிக்கும் நொடியில் கால் தானாகவே ஒரு சின்னத் துள்ளல் போட்டுத் தயாரானது. ஸ்ப்ளிட் ஸ்டெப் என்று அந்தக் காலத்தில் நாள்தோறும் செய்த அதே விஷயம். மதுரை அக்கா இப்போதும் மாதம் ஒரு தடவையாவது ஆட வருகிறார். இன்னும் பந்தை விடுவதில்லை.

சேர்ப்பதற்கு முன் செய்யக்கூடியது இதுதான். சொல்லாமல் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதல் கோர்ட்டில் ஸ்டார் பிள்ளைகள் ஆடுவார்கள், அதை விடுங்கள். கடைசிக் கோர்ட்டைப் பாருங்கள், உங்கள் பிள்ளை முதலில் நிற்கப்போவது அங்கேதான். அந்த வரிசையில் எத்தனை பேர், மேல் பேட்ச் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாவது அவர்களோடு ஆடுகிறார்களா, மார்க்கர் உண்டா என்று கேளுங்கள். அப்புறம் மண் கோர்ட் என்றால் இதையும் மறக்காமல் கேளுங்கள்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் கோர்ட் மூடிக் கிடக்கும்போது என்ன பயிற்சி, அந்த மாதங்களுக்கும் முழு ஃபீஸா?