பால்கனி: தூணா, கேன்டிலீவரா?

திருவான்மியூரில் வீடு கட்டியபோது, ஐந்தடி பால்கனி ஒன்றுக்காக எங்கள் வீட்டில் ஒரு மாதம் வாக்குவாதம். தம்பிக்குத் தூணில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கேன்டிலீவர் வேண்டும்; எனக்கு இரண்டு தூணும் ஒரு பீமும். தூண்தான் வென்றது. ஆகவே இது நடுநிலைத் தீர்ப்பு அன்று.

கேன்டிலீவரின் சாதகங்கள் தெரிந்தவைதான்: அழகு, கீழே கார் திருப்ப இடம், தூணுக்கு அஸ்திவாரம் தோண்டும் செலவில்லை.

என்னை மாற்றியது வளைவின் வடிவம். பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து நுனியைத் தாழ்த்துங்கள். கவிழ்த்த கிண்ணம்போல் வளையும், மேல்பக்கம் இழுபடும். அதிகம் இறங்குவது நுனி, ஆனால் அதிகம் வளைவது மேசையோரம். நுனியருகே ஸ்கேல் கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். ஓரிடத்தில் பாரம் எவ்வளவு வளைக்க முயல்கிறது என்பதன் அளவான வளைவுத் திருப்புத்திறன் (bending moment) இறக்கத்தைப் பார்ப்பதில்லை, வளைவைத்தான் பார்க்கிறது: நுனியில் அது பூஜ்யம், பிடிமானத்தில் உச்சம். அதே ஸ்கேலை இரு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் அழுத்தினால் தொய்கிறது, இழுபடுவது அடிப்பக்கம்.

ஒரே நீளம், ஒரே சீரான பாரம் என்றால், இருமுனையும் வெறுமனே தாங்கப்பட்ட பீமைவிடக் கேன்டிலீவரின் உச்சத் திருப்புத்திறன் 4 மடங்கு, இறக்கம் 9.6 மடங்கு. இதையெல்லாம் கூடுதல் கம்பியும் கனமும் போட்டுச் சமாளிக்கலாம். எனக்குத் தீராத கவலை பராமரிப்பு. கான்கிரீட் இழுபடும் பக்கத்தில்தான் விரிசல் விடும். கேன்டிலீவரில் அது மேல்பக்கம்: மழை விழும் பக்கம், அதுவும் டைல்ஸுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். ஐப்பசி மழைத் தண்ணீரும் கடற்காற்றின் உப்பும் இறங்கி, பாரம் தாங்கும் முக்கியக் கம்பியையே துருப்பிடிக்க வைக்கும். நடுவில் தொய்யும் தளத்தில் விரிசல் அடியில் விழும். அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கான்கிரீட் போடும் நாளும் கேன்டிலீவருக்குக் கண்டம். மேல்கம்பியின் மீது ஆட்கள் நடப்பார்கள். அடியிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 25 மி.மீ. அமிழ்ந்தால், ஏறக்குறையக் கால்பங்கு வலிமை போயிற்று. அதை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் ‘சேர்’ (chair) கம்பிகளை நெருக்கமாக வைக்க வேண்டும்.

தூண் வைத்தாலும் வீட்டோடு சேர்த்து வார்த்த தளம் சுவரோரம் மேல்நோக்கிக் குவிந்து, சற்றுத் தள்ளித்தான் தொய்யும். வளைவு திசை மாறும் புள்ளியில் திருப்புத்திறன் பூஜ்யம். அதனால் எங்களுக்கும் சுவரோரம் மேல்கம்பி தேவைப்பட்டது. ஆனால் அங்கே வரும் திருப்புத்திறன் கேன்டிலீவரில் வருவதில் கால்பங்கு அளவுதான்.

எங்கள் பால்கனி பார்த்தது மூன்று மழைக்காலம்தான். அதை வைத்து வெற்றி என்று சொல்ல மாட்டேன். நன்றாக வார்த்த, நீர்க்காப்புப் பூசிய கேன்டிலீவர்கள் இதே தெருவில் உறுதியாக நிற்கின்றன. இரண்டடி சன்ஷேடை நாங்களும் கேன்டிலீவராகவே போட்டோம். பால்கனித் தூணில் தம்பியின் கார் ஏற்கெனவே இருமுறை உரசிவிட்டது.