லத்தி மாதிரி ஒரு பூரிக்கட்டை

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பட்டர் பிஸ்கட்டும் பஃப்ஸும் போடுவது என் வழக்கம். மாவு பிசைவதில் தேறிவிட்டேன். தேய்ப்பதில்தான் கோளாறு. ஒரே டிரேயில் சில பிஸ்கட் கருகும், சில வேகாமல் வெளுத்துக் கிடக்கும். ரொம்ப நாள் ஓவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு பூரிக்கட்டையில் இருந்தது.

நம் வீட்டுப் பூரிக்கட்டை நடுவில் பருத்து முனைகளில் மெலிந்திருக்கும். சப்பாத்திக்கு அதுதான் தோது. ஓரத்தை அழுத்தினால் மாவு தானாகச் சுழன்று வட்டமாகிவிடும். பிஸ்கட் மாவை அகலமாகத் தேய்த்தால் மட்டும் நடுப்பகுதி மெலிந்து ஓரம் தடித்துப்போகும்.

முதலில் ஆன்லைனில், பேரிங் வைத்த இரண்டு கைப்பிடிக் கட்டை வாங்கினேன். கைக்கு நோகாது, உண்மைதான். ஆனால் கைப்பிடி சேரும் இடத்தில் மாவு புகுந்து, கழுவினால் தண்ணீரும் தங்கி, இரண்டே மாதத்தில் புளித்த வாடை. அடுத்தது ஸ்டீல். ஃப்ரிட்ஜில் குளிரவைத்துத் தேய்த்தால் வெண்ணெய் உருகாது என்றார்கள். சென்னைப் புழுக்கத்தில் வெளியே எடுத்த இரண்டாவது நிமிடம் அதற்கு வியர்க்கிறது! அந்த ஈரத்தில் மாவு அப்பிக்கொள்ளும். மார்கழியில் வேண்டுமானால் பார்க்கலாம்.

கடைசியில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போய், தேக்கில் 16 இன்ச் நீளம், ஒன்றரை இன்ச் கனம், முனைக்கு முனை ஒரே பருமன், கைப்பிடி வேண்டாம் என்றேன். "என்ன சார், லத்தியா?" என்றார் பட்டறைக்காரர். கடைந்து, உப்புத்தாள் போட்டு 350 ரூபாய். வார்னிஷ் அடிக்க வந்தவரைத் தடுத்துவிட்டேன். கூடவே அரை சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு ரீப்பர், அதாவது நீள மரச்சட்டம், அறுத்து வாங்கினேன். மாவுக்கு இரண்டு பக்கமும் அவற்றை வைத்து மேலே கட்டையை ஓட்டினால், ரீப்பரின் கனத்துக்குக் கீழே மாவு இறங்காது. இப்போது டிரே முழுக்க ஒரே நிறம்.

சரி, எதன் மேல் தேய்ப்பது? சப்பாத்திப் பலகை ஒன்பது இன்ச்தான், பிஸ்கட்டுக்குப் பற்றாது. சிலிக்கான் மேட்டில் வட்டமும் அளவும் அச்சடித்திருக்கிறது, பார்க்க அழகு. அடியில் லேசாக ஈரம் தொட்டு வைக்காவிட்டால் கட்டையோடு சேர்ந்து அதுவும் நகரும். அதன் மேல் கத்தி வைத்து வெட்டவும் முடியாது. வீட்டு கிரானைட் மேடைதான் எனக்கு ஒத்துவந்தது. மாவிலிருக்கும் சூட்டை அது சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

ஆனால் வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை மாதம் எங்கள் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும், கல்லும் அப்படியே. அதனால் அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் ஓரமாகப் பார்த்து, ஐஸ் நிரப்பிய இரண்டு தட்டைப் பத்து நிமிடம் வைத்து எடுக்கிறேன். பிறகு உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைத்து மைதா தூவல். பஃப்ஸுக்கு அப்படியும் ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் மாவு ஃப்ரிட்ஜுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

தேக்குக் கட்டையைத் தண்ணீரில் ஊறப்போடுவதில்லை. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைப்பதோடு சரி. அதில் ஒரே குறை, எந்த டிராயரிலும் நுழையாது. வாசல் கதவுக்குப் பின்னால், குடைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.